குடங்கள் விளக்காகத் தொங்கும் உணவகம்: அத்தையோடு போன ஒரு சனிக்கிழமை

தாம்வே மருமகள் – பதிவு 1

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். ஒரு வாரமாக எனக்கு இது மனதைவிட்டுப் போகவில்லை.

போன சனிக்கிழமை இங்கே யாங்கோனில் (பழைய ரங்கூன்) என் மாமியாரை வெளியே சாப்பிடக் கூட்டிப் போனேன். அத்தைக்கு 81 வயது. முழங்கால் வலி வருவதற்கு முன்பு வாரம் தவறாமல் காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, அனோயட்டா ரோட்டில் (அத்தைக்கு இன்றும் அது பிரேசர் தெருதான்) தோசை சாப்பிட்டுத்தான் வீடு திரும்புவார். இப்போது வீட்டுப் படி இறங்குவதே பெரிய வேலை. பிறந்தநாள் வந்தது, எங்காவது நல்ல இடமாகப் போகலாம் என்று நினைத்தேன். மகாபண்டூலா ரோட்டுக்குக் கீழே ஒரு குறுக்குத் தெருவில், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றின் முதல் மாடியில், 'பழைய ரங்கூன் சமையல்' என்று ஓர் உணவகம் திறந்திருக்கிறார்கள். பேஸ்புக்கில் படங்கள் அழகாக இருந்தன. கடையின் பெயரை நான் சொல்லப் போவதில்லை, யாரும் கேட்க வேண்டாம்.

உள்ளே போனதும் அத்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அப்படி ஓர் அலங்காரம். கூரையிலிருந்து மரநாற்காலிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. ஒரு சுவர் முழுக்க வீட்டுக் கதவுகள், நிலையோடு பெயர்த்துக் கொண்டுவந்து வரிசையாகச் சாத்தி வைத்திருக்கிறார்கள். எந்தக் கதவும் எங்கேயும் திறக்காது. பாத்தெய்ன் குடைகள், கயிறு அறுந்த மண்டலே பொம்மைகள், தையல் மெஷின் காலின்மேல் பலகை போட்ட மேசைகள். எங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் 25, 35, 75 கியாட் நோட்டுகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். அத்தை 75 கியாட் நோட்டைக் கண்ணாடிக்கு மேலாகவே விரலால் தடவிப் பார்த்தார். 1987 செப்டம்பரில் அந்த மூன்று நோட்டும் ஒரே நாளில் செல்லாமல் போனபோது, மாமா தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாராம். 1964-ல் 50-ம் 100-ம் செல்லாமல் போனதையும் பார்த்தவர் அவர். "இதுமேல எப்படிம்மா தட்ட வைச்சுச் சாப்பிடறது?" என்று அத்தை கேட்டார். இடம் மாறி உட்கார்ந்தோம்.

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். அத்தைக்கு ஓனோ காவ்ஸ்வே (தேங்காய்ப்பால் நூடுல்ஸ்), எனக்குச் சோறும் லப்பெத் தோவும் (ஊறவைத்த தேயிலைக் கலவை). தேங்காய்ப்பால் திரியாமல், கடலை மாவு பதமாகக் கரைந்து, மேலே வறுத்த நூடுல்ஸ் மொறுமொறுவென்று இருந்தது. அத்தை கிண்ணத்தைக் காலி செய்தார். அது அபூர்வம்.

ஆறு மணி இருக்கும், கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடிப்பதற்கு ஒரு நிமிடம் ஆனது. அந்த இருட்டில் நான் போன் டார்ச்சைப் போட்டேன். ஒளி மேலே சாய்வாக விழுந்தது. எங்கள் தலைக்கு மேலே தொங்கிய விளக்குகளெல்லாம் பித்தளைக் குடங்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அடியை அறுத்து எடுத்துவிட்டு, கழுத்தைக் கீழே கவிழ்த்து, உள்ளே பல்பு வைத்திருக்கிறார்கள். குடத்தின் தோளில் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. உளி வைத்துத் தட்டிப் பெயர் வெட்டுவோமே, அந்தப் புள்ளிகள்.

அத்தை கழுத்தை வளைத்து, தலைகீழாக நிற்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். முதலில் மூன்று இனிஷியல், அப்புறம் ஒரு பெண்ணின் பெயர், அப்புறம் 'சீர்' என்று ஒரு சொல். கல்யாணச் சீர்க் குடம். அடுத்ததில் வேறொரு பெயர். அதற்கடுத்ததில் ஊர்ப் பெயர் மட்டும் மிச்சம், மற்றதெல்லாம் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மழுங்கிவிட்டது. ஜெனரேட்டர் வந்து பல்பு எரிந்ததும் கண் கூசி எழுத்து மறைந்துவிட்டது. பக்கத்து மேசையில் செல்பி எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது வெறும் விளக்குதான்.

அத்தையின் அப்பா மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் (வட்டிக்கடைகள் இருந்த கட்டடம்) சமையல்காரராக இருந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் முதலாளிமார் போய்விட்டார்கள், இவர் அடுப்படிச் சாவியோடு இங்கேயே தங்கிவிட்டார். பாத்திரம் என்றால் அத்தைக்குப் பாத்திரம் இல்லை, ஆள்.

கைகழுவப் போகும்போதுதான் இன்னொன்று. கழிவறைக் கதவை ஒட்டிய சுவரில் சட்டம் போட்ட பழைய போட்டோக்கள். நடுவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கல்யாணப் படம், மாலையும் கழுத்துமாக. கண்ணாடியில் குங்குமம் வைத்த தடம்கூட இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் யாரோ அதைக் கும்பிட்டிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு கணக்கேட்டுத் தாளைச் சட்டம் போட்டுத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். பிள்ளையார் சுழி அடியில் கிடந்தது. அத்தை கையைக் கழுவாமலே திரும்பி வந்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவில்லை.

என் கேள்வி இதுதான். இப்படி மாட்டி வைப்பது சரியா? நான் போய் முதலாளியிடம் பேசலாமா, இல்லை, அவர் காசு கொடுத்து வாங்கிய பொருள், நமக்கென்ன என்று விட்டுவிடலாமா?

மோல்மேன் பேரன் – பதிவு 2

அக்கா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. அத்தை இப்போது எப்படி இருக்கிறார்கள்? முடிந்தால் குடத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

நெறியாளர் – பதிவு 3

படம் போடுபவர்கள் குடத்தில் உள்ள பெயரோ இனிஷியலோ தெரியாதபடி போடவும். அவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கோ இருப்பார்கள். கடையின் பெயரும் வேண்டாம். மற்றபடி தாராளமாகப் பேசுங்கள்.

தேக்குமரம் – பதிவு 4

நான் பழைய வீடு இடிக்கும் இடங்களில் மரம் வாங்கி விற்பவன், இருபது வருடத் தொழில். உங்கள் அத்தையின் வருத்தம் புரிகிறது. ஆனால் இந்தப் பொருளெல்லாம் கடைக்கு எப்படி வருகிறது என்பதை நேரில் பார்த்தவன் என்ற முறையில் சிலது சொல்ல வேண்டும்.

வீட்டை இடிக்கும்போது மரத்துக்கு ஒரு ஆள் வருவான், இரும்புக்கு ஒரு ஆள், பித்தளைக்கு ஒரு ஆள். பித்தளையைச் சாக்கில் கட்டி விஸ் கணக்கில் போடுவார்கள். ஒரு விஸ் என்பது 1.6 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. (விஸ் என்ற சொல்லே நம் வீசையிலிருந்து போனதுதான், இங்கே பலருக்குத் தெரியாது.) சாக்கில் போட்ட குடத்தை யாரும் குடமாகப் பார்ப்பதில்லை. அடைசல் குறைய வேண்டும் என்று சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்கித்தான் கட்டுவார்கள். அங்கிருந்து மண்டலேயில் தம்பாவதி மாதிரி வார்ப்புப் பட்டறைகள் இருக்கும் இடங்களுக்குப் போகும். மணியாகும், சிலையாகும். அதுவும் நல்ல கதிதான், ஆனால் பெயர் போய்விடும்.

அந்தக் கடைக்காரர் அடியை அறுத்தார், வாஸ்தவம். ஆனால் தோளை விட்டுவைத்திருக்கிறார். அதனால்தான் உங்கள் அத்தையால் படிக்க முடிந்தது. அவர் வாங்கியிராவிட்டால் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்ல உலகத்தில் ஒரு துண்டு உலோகம்கூட மிஞ்சியிருக்காது. நான் அவருக்கு நன்றி சொல்வேன். கழிவறைப் பக்கத்துப் படம் மட்டும் தப்பு, அதை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கதவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிலையோடு பெயர்த்து எடுத்த கதவு என்றால் அதை எடுத்தவன் கைகாரன். கடப்பாரை போட்டு இழுத்தால் நிலை பிளந்துவிடும். பர்மாத் தேக்கு காரைக்குடிப் பக்கம் கப்பலில் போய் அங்கே தூணாக நிற்கிறது, அதைப் பார்க்க உலகமே போகிறது. இங்கேயே நின்ற கதவுகளை இங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தாம்வே மருமகள் – பதிவு 5

தேக்குமரம் அண்ணா, நன்றி. சம்மட்டியால் தட்டையாக்குவார்கள் என்பதை அத்தையிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

ஆனால் ஒன்று. உருக்குவதைவிட இது மேல் என்பதால் மட்டும் இது சரியாகிவிடுமா? காப்பாற்றியவருக்கு அது என்ன பொருள் என்று தெரிந்திருக்க வேண்டாமா? நகரத்தில் பழைய கட்டடங்களின் வாசலில் நீலப் பலகை வைத்திருக்கிறார்கள், யார் கட்டியது, என்னவாக இருந்தது என்று. அதைப் படித்துவிட்டுத்தான் நாம் அண்ணாந்து பார்க்கிறோம். குடத்துக்கு அப்படி ஒரு வரி போதும். அதுகூட இல்லாமல் தலைக்கு மேலே தொங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பர்மா பஜார் – பதிவு 6

சென்னையிலிருந்து எழுதுகிறேன். என் பெற்றோர் 1965-ல் கப்பலில் வந்தவர்கள். அம்மா ரங்கூனில் விட்டுவிட்டு வந்த பொருள்களின் பட்டியலைச் சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு குடம், ஒரு அண்டா, ஒரு இட்லிக் கொப்பரை, அம்மி. பக்கத்து வீட்டுப் பர்மியக் குடும்பத்திடம் 'திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறேன்' என்று ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு பாத்திரமும் எந்த மூலையில் இருந்தது என்பதுவரை சொல்வார். எனக்கு அப்போது சலிப்பாக இருக்கும்.

இங்கே பர்மா பஜார் பக்கம் அத்தோ கடையில் நிற்கும்போதெல்லாம் அம்மா நினைவு வரும். நூடுல்ஸில் புளித்தண்ணீரும் வறுத்த பூண்டும் போட்டுக் கையால் பிசையும் சத்தம்.

ஒரு வேண்டுகோள். முதலாளியிடம் பேசினால், எல்லாக் குடத்தின் பெயரையும் குறித்து வையுங்கள். பொதுவில் போட வேண்டாம், நெறியாளர் சொல்வது சரி. ஆனால் குறித்து வையுங்கள். அம்மாவின் குடத்தில் பெயர் வெட்டியிருந்தது.

கணக்கப்பிள்ளை – பதிவு 7

பழைய கணக்குகளில் எனக்குக் கொஞ்சம் பரிச்சயம் உண்டு, என் தாத்தா செட்டியார் கடையில் பெட்டியடிப் பையனாக (எடுபிடி) இருந்து அடுத்தாளாக (முகவருக்கு அடுத்த நிலை) உயர்ந்தவர். அம்மா, அந்த ஏட்டுத் தாளில் வேறு என்ன இருந்தது என்று அத்தைக்கு நினைவிருக்கிறதா? வருஷம், மாதம்?

தாம்வே மருமகள் – பதிவு 8

ஐயா, கேட்டேன். தலைகீழாக இருந்ததால் மேல்வரி மட்டும்தான் படித்தாராம். 'விஷு வருஷம் ஐப்பசி' என்று இருந்தது என்கிறார்.

கணக்கப்பிள்ளை – பதிவு 9

அப்படியானால் 1941 அக்டோபர், நவம்பர். அந்தத் தாளை எழுதியவர் மை காய்வதற்குக் காத்திருந்தபோது, ரங்கூனில் முதல் குண்டு விழ ஏறக்குறைய இரண்டு மாதம்தான் இருந்தது. டிசம்பர் 23-ஆம் தேதி குண்டு. 1942 மார்ச் 8-ல் ஜப்பானியர் ஊருக்குள். ஏடுகளைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியுமா? பலர் கிட்டங்கியிலேயே போட்டுவிட்டுப் போனார்கள்.

தாளின் தலையில் பிள்ளையார் சுழியும் சிவமயமும், அதன் கீழே வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம். வட்டியை நடப்பு வட்டி என்போம், மாதாமாதம் மாறும். சுழியைக் கீழே தள்ளி மாட்டுவது எங்களைப் போன்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. புது ஏட்டில் சுழி போடும் முன் கைகழுவிவிட்டு உட்காருவார் தாத்தா.

ஆனால் இன்னொரு பக்கமும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஏட்டைப் பர்மிய விவசாயியின் பேரன் பார்த்தால் அவனுக்கு என்ன தோன்றும்? 1930-ல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கைவசம் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-ல் அது 25 சதவீதம். நெல் விலை விழுந்து, வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் நிலம் கைமாறியது. செட்டியார்களுக்கும் அது வேண்டாத நிலம், அவர்களுக்கு வேண்டியது பணம். ஆனால் இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. 'ச்சித்தி' (பர்மியில் செட்டியார்) என்ற சொல்லை இங்கே இன்றும் எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நம் பாத்திரத்துக்காக வருந்தும்போது அந்த ஏட்டின் மறுபக்கத்தில் இருந்தவர்களையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

கல்யாணப் படத்தைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. கடையிலிருந்தே எடுக்க வேண்டும். கோயிலில் கொடுத்துவிடட்டும்.

கமாயுட் – பதிவு 10

நான் உணவகங்களுக்கு உள்அலங்காரம் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். (இந்தக் கடை எங்களுடையது இல்லை.) என் கூடப் பணியாற்றுபவர்கள் எல்லோரும் பர்மியர். அவர்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

வேண்டுமென்று யாரும் அவமதிப்பதில்லை. பழைய பொருள் என்றால் ஒரு பாசம், அவ்வளவுதான். எங்கள் ஆபீஸில் குத்துவிளக்கைக் 'கலா பூ ஸ்டாண்ட்' (பர்மியில் கலா என்றால் இந்தியர்) என்று எழுதி வைத்திருந்தார்கள். அது பூ வைப்பதற்கு இல்லை, நெய்யோ எண்ணெயோ ஊற்றித் திரி போட்டு ஏற்றுவது என்று நான் சொன்னதும், உடனே தூக்கி உயரத்தில் வைத்தார்கள். அதைப் போலத்தான் இதுவும். நாற்காலிக்கே பர்மியில் கலத்தாய்ங் என்றுதானே பெயர், இந்தியர் உட்காருவது என்று. நம் பொருள் அவர்கள் பேச்சுக்குள் அந்த அளவு இறங்கியிருக்கிறது, ஆனால் எதற்கு என்பது மறந்துவிட்டது.

புரியவைப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். பர்மிய வீட்டில் பெண்களின் தமெய்னை (இடுப்பில் கட்டும் கைலி) ஆண்கள் நடக்கும் இடத்தில் தலைக்கு மேலே காயப்போட மாட்டார்கள், ஆணின் 'போன்' (ஆணுக்கு உண்டு என்று நம்பும் மகிமை) குறைந்துவிடும் என்று. எந்த உணவகமும் அதை அலங்காரமாகத் தொங்கவிடத் துணியாது. அதேபோல 2015-ல் இந்த ஊரில் ஒரு மதுக்கூடம், புத்தர் காதில் ஹெட்போன் மாட்டிய படத்தை விளம்பரத்துக்குப் போட்டதற்காக மூன்று பேருக்கு இரண்டரை ஆண்டு சிறை கிடைத்தது. நான் யாரையும் சிறைக்கு அனுப்பச் சொல்லவில்லை, தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புகார், கூட்டம் என்று எதுவும் வேண்டவே வேண்டாம், இந்த ஊரில் அது எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. எந்தப் பொருளை எங்கே வைக்கலாம் என்ற நுணுக்கம் அவர்களுக்கு நம்மைவிட அதிகம். 'குங்குமம் வைத்த படம், கும்பிட்ட படம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

விசித்திர அலங்காரத்துக்கு நான் எதிரி இல்லை. கண்டோஜி ஏரியில் கரவெய்க் உணவகம் இருக்கிறதே, கரவெய்க் பறவைகள் சுமக்கும் அரசப் படகு மாதிரி கான்கிரீட்டில் கட்டி, தங்க நிறம் பூசி, 1974-ல் முடித்தார்கள். படகு மாதிரி இருக்கும், மிதக்காது. உள்ளே போனால் எங்கு பார்த்தாலும் அரக்கு வேலையும் கண்ணாடிச் சில்லும். முதல் தடவை அப்பாவோடு போனபோது அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிட மறந்துவிட்டேன். அங்கே எது எதைக் குறிக்கிறது என்று பரிமாறுகிற பையனைக் கேட்டால்கூடச் சொல்வான். அதுதான் வித்தியாசம்.

மோல்மேன் பேரன் – பதிவு 11

கணக்கப்பிள்ளை ஐயா சொன்னதை இரண்டு தடவை படித்தேன். எங்கள் ஊரில் வயதான பர்மியர்கள் என்னிடம் அன்பாகத்தான் பேசுவார்கள், நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அமைதியாகிவிடுவார்கள். காரணம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

தாம்வே மருமகள் – பதிவு 12

போய்விட்டு வந்தேன். அத்தையும் வந்தார். வேண்டாம் என்றுதான் சொன்னேன், 'நான் இல்லாம நீ என்னத்தப் படிப்ப' என்றார். உண்மைதான், எனக்கு அச்செழுத்துதான் ஓடும்.

கமாயுட் சொன்னபடி கூட்டம் இல்லாத நேரமாக, மூன்று மணிக்குப் போனோம். முதலாளி முப்பது வயதுப் பையன். அத்தையை 'அமே' (அம்மா) என்று கூப்பிட்டு, தானே கைப்பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தான். குடத்தைக் காட்டி, "இது யாருடையது என்று தெரியுமா?" என்று கேட்டேன். பழைய சாமான் கடையில் விஸ் கணக்கில் வாங்கினானாம், மொத்தம் 11 குடம். தேக்குமரம் அண்ணா சொன்னது அப்படியே.

அப்புறம் அவன் சொன்ன விஷயம்தான் என்னை அசைத்துவிட்டது. அந்தப் புள்ளிகளை எழுத்து என்றே அவன் நினைக்கவில்லை. பூவேலை என்று நினைத்திருக்கிறான். கவிழ்த்து வைத்ததால் நமக்கே தெரியவில்லை, அவனுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பூவேலை அழகாக இருக்கிறது என்றுதான் அடியை மட்டும் அறுத்து, தோளைத் தொடாமல் விட்டிருக்கிறான்.

அத்தை ஒரு குடத்தின் பெயரைப் படித்துக் காட்டினார். "பெண் பெயரா?" என்று கேட்டான். "ஆமாம், கல்யாணத்துக்குக் கொடுத்தது, தண்ணி எடுக்க" என்றார் அத்தை பர்மியில். அவன் ஏணியை எடுத்து வந்து, அந்தக் குடத்தைக் கழற்றி, பல்பை உருவிவிட்டு, நிமிர்த்தி அத்தை மடியில் வைத்தான். அடியில்லாத குடம். அத்தை இடுப்பில் வைப்பதுபோல ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் புள்ளிகளைத் தடவிக்கொண்டே இருந்தார். உள்ளே கைவிட்டால் மறுபக்கம் விரல் தெரிகிறது. அந்த ஓட்டை வழியாகத் தன் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தார் கொஞ்ச நேரம்.

கல்யாணப் படத்தை அவன் அப்போதே எடுத்துவிட்டான். குங்குமத் தடத்தைக் காட்டியதும் முகம் மாறி, இரண்டு கையாலும் பிடித்துக் கழற்றினான். கோயிலில் கொடுப்பதா, கடையிலேயே நல்ல இடத்தில் வைப்பதா என்று கேட்டான். அத்தை, 'முன்னால, சாமி மாடத்துப் பக்கம் வை' என்றார். (கணக்கப்பிள்ளை ஐயா, உங்கள் கருத்து வேறு என்று தெரியும். நான் அத்தை பேச்சைத் தட்டவில்லை.) புத்தர் மாடத்துக்கு நேர் கீழே இல்லாமல், கொஞ்சம் தள்ளி, கண் உயரத்தில் மாட்டியிருக்கிறான்.

ஏட்டுத் தாளை நிமிர்த்தி மாட்டும் முன் அத்தையை முழுதும் படிக்கச் சொன்னான். கடன் வாங்கியவர்களின் பெயர்கள் நம் எழுத்தில் இருந்தன, எல்லாம் பர்மியப் பெயர்கள். ஊர் ஹென்சடா, ஐராவதிக் கழிமுகப் பக்கம். தொகை, தவணை. அத்தை ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க அவன் கைப்பேசியில் குறித்துக்கொண்டான். நான்காவது பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னான். அத்தை திரும்பச் சொன்னார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சட்டத்தைத் துடைத்து மாட்டிவிட்டு, எங்களுக்குப் பச்சைத் தேநீரும் சமோசா தோவும் (சமோசாவை வெட்டிப் போட்ட கலவை) வரவழைத்தான், காசு வாங்க மறுத்துவிட்டான்.

தேக்குமரம் – பதிவு 13

தங்கச்சி, நல்ல காரியம் செய்தீர்கள். குடத்துக்கு அடி போட்டுத் தர ஆள் இருக்கிறான், எனக்குத் தெரிந்த கன்னான். ஒரு குடத்துக்காவது போட்டுப் பார்க்கலாம், அந்த அத்தை மடியில் வைத்த குடத்துக்கு.

கணக்கப்பிள்ளை – பதிவு 14

படம் கோயிலில்தான் இருக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. உணவகம் நாளை மூடினால், அடுத்தவன் வந்து மறுபடியும் சாக்கில் போடுவான். கடைகள் வரும், போகும். அத்தையிடம் என் வணக்கத்தைச் சொல்லி, இதை ஒருமுறை யோசிக்கச் சொல்லுங்கள்.

ஹென்சடாப் பெயர்களை அந்தப் பையனுக்குக் கொடுத்தது மிகச் சரி. அவனுக்குத் தொகைகளில் சந்தேகம் இருந்தால், தமிழ் எண்களும் பின்னக் குறிகளும் நான் படித்துத் தருகிறேன். அன்று இங்கே ரூபாய்தான், கியாட் 1952-ல்தான் வந்தது. அதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் தொகையைத் தப்பாக நினைத்துக்கொள்வான்.

பர்மா பஜார் – பதிவு 15

அக்கா, 11 குடத்தில் எத்தனை படிக்க முடிந்தது?

தாம்வே மருமகள் – பதிவு 16

தம்பி, அன்று மூன்றுதான். மற்றவை உயரத்தில் இருக்கின்றன, தேய்ந்தும் இருக்கின்றன. உங்கள் அம்மாவின் பெயரை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இனிஷியலோடு. கிடைக்கும் என்று சொல்லவில்லை. தேடிப் பார்க்கிறேன்.

முதலாளி வரும் ஞாயிறு காலை கடை திறக்கும் முன், எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறான். எல்லாக் குடத்தையும் இறக்கித் தருகிறானாம். படித்ததைத் தமிழிலும் பர்மியிலும் ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கட்டித் தொங்கவிடலாம் என்றான். முழுப்பெயர் வேண்டாம், 'கல்யாணச் சீர்க் குடம், தண்ணீர் எடுக்க' என்ற அளவில் போதும் என்று நான் சொன்னேன். முழு விவரத்தை ஒரு நோட்டில் எழுதி அத்தை வைத்துக்கொள்வார். யாங்கோனில் இருப்பவர்கள் யாராவது வர முடியுமா? பழைய எழுத்துப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

கணக்கப்பிள்ளை – பதிவு 17

வருகிறேன். பூதக்கண்ணாடி கொண்டுவருகிறேன். மழுங்கிய எழுத்தின்மேல் விபூதியைத் தடவித் துடைத்தால் புள்ளிக்குள் மட்டும் வெள்ளை தங்கும், நன்றாகத் தெரியும்.

கமாயுட் – பதிவு 18

நானும் வருகிறேன். ஏணி பிடிக்க, படம் எடுக்க. பர்மி அட்டையை நான் எழுதித் தருகிறேன்.

தாம்வே மருமகள் – பதிவு 19

எல்லோருக்கும் நன்றி. காலைச் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) போட்டுத் தருகிறேன் என்கிறான் அந்தப் பையன். வாழைத்தண்டு கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறேன். ஐயா, அத்தை ஒன்று சொல்லச் சொன்னார்: விபூதி வேண்டாமாம், வீட்டிலிருந்து கோலமாவு எடுத்து வருகிறாராம்.